ஈரத்துக்கு நிரல் இல்லை

கப்பல் வந்து மூன்றாம் நாள்.
சீனன்குடா இறங்குதுறையில்
கிரேன் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும்
லொறிப் பெட்டிக்குள் கல் விழுகிறது.
உப்பென்றால் யாரும் நம்பாத சத்தம்.

நான் நிறுவைப் பாலத்துக் கூண்டுக்குள்.
வெறும் லொறி, நிறைந்த லொறி,
இரண்டுக்கும் இடையில் கிடப்பதுதான் உப்பு.
கழித்தல் கணக்குக்குச் சம்பளம் வாங்குகிறவள்.
வீடு உப்புவெளியில்.
அங்கே உப்பும் இல்லை வெளியும் இல்லை,
ஹோட்டல் மதில்கள், இரண்டு ஏ.டி.எம்.

சித்திரையில் பெய்யாத மழை பெய்து
நிலாவெளிப் பாத்திகள் கரைந்துபோயின.
விளைந்ததும் விளையாததும் ஒன்றாய்
வாய்க்காலில் இறங்கிக் கடலுக்கே திரும்பின.
அதனால்தான் இந்தக் கப்பல்:
ஆயிரத்து எண்ணூறு தொன், மூட்டை கட்டாமல்,
ஏதோ ஒரு நாட்டு மலையின் அடியிலிருந்து.

பாத்தி வேலை போன இராசமலர்
இப்போது இங்கே சாக்குத் தைக்கிறாள்.
முதல்நாள் ஒரு கல்லை நக்கிப் பார்த்து முகம் சுளித்தாள்.
"கடல் மணம் ஒண்டும் இல்லையடி.
வெயில் படாத உப்பு. நோயாளியின்ர நிறம்."
பிறகு அதிலேயே ஒரு துண்டை
மாங்காய்க்கென்று தலைப்பில் முடிந்துகொண்டாள்.

எனக்குக் கிடைத்தது உள்ளங்கை அளவு.
ஒரு பக்கம் மட்டும் அரைவட்டமாய்க் குடைந்திருந்தது.
துளைபோட்ட தடம், வெடி வைக்கிற குழி
என்றார் கிரேன் ஞானேந்திரன்.
விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.
என் விரலைவிடத் தடித்த ஒன்றுக்கான இடம்.
துளைத்தவனுக்கு அப்போது
மேலே பகலா இரவா தெரிந்திருக்காது.
புருவத்தில் உப்பு, காதுமடலில் உப்பு,
வீட்டுக்குப் போய்
சொதியில் உப்பில்லையென்று சண்டை பிடித்திருப்பானோ.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள்.
கப்பல் தாள்களைப் புரட்டினேன்.
தூய்மை தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு.
ஈரம் சைபர் புள்ளி மூன்று.
ஏற்றியவர், இறக்குபவர், காப்புறுதிக் கம்பனி.
தோண்டியவனுக்கு ஒரு வரி இல்லை.

நாலு மணிக்குக் கொட்டியது.
வரிசையில் கடைசி லொறி நிஸ்பாருடையது,
தார்ப்பாயில் ஒரு ஆள் நுழையும் கிழிசல்.
பாலத்தில் ஏறியபோது
கிரேன் தராசு சொன்னதைவிட
நூற்றெண்பது கிலோ கூட.

இந்த இலக்கத்தோடு மூதூர்க் கருவாட்டு வாடிக்குப் போனால்
போகும் வழியெல்லாம் ஒழுகும்.
அங்கே குறையும். குறைந்தது அவன் கூலியில் கழியும்.
கண்ணாடியைத் தட்டினான்.
"மிஸ், உப்ப நான் தாறன்.
மழைய எப்பிடித் தாற?"

மனேஜருக்குப் போன் எடுத்தேன்.
"ஈரத்துக்கு நிரல் இல்லைப் பிள்ளை,
தராசு சொல்லுறதை அடி."

அடித்தேன்.
ரசீது சூடாக வெளியே வந்தது.
ஓரத்தில் பேனையால் எழுதினேன்: மழை 180.
கையெழுத்தும் வைத்தேன்.

வியாழக்கிழமை அது திரும்பி வந்தது,
சிவப்பு வட்டத்துக்குள் என் எழுத்து.
கைபட்ட ரசீது செல்லாதாம்.
அவனுக்கு நூற்றெண்பது கிலோவின் விலை வெட்டு,
எனக்கு ஒரு விளக்கக் கடிதம், இரண்டு பிரதிகளில்.

மறுநாள் நிஸ்பார் வந்தான்.
அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை.
லொறியில் புதுத் தார்ப்பாய், நீலம்,
விலைச்சீட்டு இன்னும் கிழிக்காமல் காற்றில் அடித்தது.
நானும் பேசவில்லை.
வெறும் நிறை. நிறைந்த நிறை. கழித்தேன்.

கடிதம் எழுதத் தாள் தேடி லாச்சியைத் திறந்தால்
அந்தக் கல் வியர்த்திருக்கிறது.
அடியில் தாள்கள் ஊறி, ஊசிகள் துருப்பிடித்து,
அரைவட்டக் குழியில்
ஒரு கரண்டி தண்ணீர்.
நிலத்துக்குள் எத்தனை காலம் உலர்ந்து கிடந்ததோ,
நாலு நாளில் இந்த ஊர்க் காற்றைக் குடித்துவிட்டது.

எடுத்துத் துடைக்கவா என்று நிற்கையில்
அடுத்த லொறி ஹோன் அடிக்கிறது.